அடிக்கல்லுக்கு முன் உயிர்க்கணக்கு

வீடு கட்டப் புகுகின்றவன் முதலில் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறான். நீர் எத்தனை அடியில் கிடைக்கும், பாறை எத்தனை அடியில் தட்டுப்படும், இந்த மண் எத்தனை மாடியைத் தாங்கும் என்றெல்லாம் ஆராய்கிறான். ஆவணத்தைப் புரட்டுகிறான், எல்லைக்கல்லை அளக்கிறான், பின்னரே கால்கோள் செய்கிறான். அரசும் அவனிடம் பல கேட்கிறது. வரைபடம் எங்கே, தீர்வைச் சீட்டு எங்கே, மழைநீர்த் தொட்டி எங்கே என்கிறது. இத்தனை கேள்விகளுக்கிடையில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கட்டுகின்றவனும் கேட்பதில்லை. இசைவு தருகின்றவனும் கேட்பதில்லை. இங்குக் கட்டடம் வருமுன் இந்நிலத்தில் குடியிருந்தவை எவை என்பதே அக்கேள்வி.

வெறும்பொட்டல் என்று மாந்தன் சொல்லும் தரையில்தான் ஆட்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. கூடு கட்டாது, தரையே அதற்குக் கூடு. கௌதாரி முட்புதரை நம்பி வாழ்கிறது. பனங்காடை பட்டுப்போன பனையின் பொந்தில் குஞ்சு பொரிக்கிறது. அலுங்கு கரையானையும் எறும்பையும் தேடி இரவில் புற்றுகளைக் கிளறுகிறது. தேவாங்கு தரையிறங்க அஞ்சிக் கிளைவிட்டுக் கிளை செல்கிறது. இரண்டு மரங்களுக்கிடையே ஓர் அகன்ற சாலை வந்துவிட்டால் அதன் உலகமே இரண்டாகிப் போகிறது. இவற்றுள் ஒன்றேனும் மனை வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. மண்வாரிப் பொறி ஒரு முற்பகலில் தன் வேலையை முடித்துவிடுகிறது. மாலையில் அங்கே நட்ட கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி, மேலே கொடி கட்டி, மனை விற்பனைக்கு ஆள் கூவத் தொடங்கிவிடுகிறான்.

இக்கேள்வியை எழுப்புதற்கு அலங்காநல்லூரினும் உரிய இடம் தமிழகத்தில் வேறில்லை. 2014 மே 7ஆம் நாள் உச்ச நயன்மன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரி 16ஆம் நாள் அவ்வூரில் திரண்ட இளைஞர்கள் இரவு முழுதும் கலையாதிருந்தனர்; மறுநாள் காலையில் காவல்துறை அவர்களைப் பிடித்துச் சென்றது. அந்தப் பொறி சென்னைக் கடற்கரையில் பெருந்தீயாயிற்று. சனவரி 23ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றிற்று. 2023 மே 18ஆம் நாள் உச்ச நயன்மன்றமும் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

அப்போராட்டத்தில் எழுந்த முழக்கம் விளையாட்டு வேண்டும் என்பது மட்டுமன்று. நாட்டு மாட்டினம் அழிந்துவிடும் என்பதே அதன் உயிர்நாடி. காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி என்னும் பெயர்களை அதுவரை கேட்டறியாத நகரத்துப் பிள்ளைகளும் அன்று அவற்றை நெட்டுருச் செய்தனர். ஓர் உயிரினத்தின் வழிமரபு மாய்வதைத் தடுப்பதற்காக ஓர் இனமே தெருவில் இறங்கி நின்றது. பல்லுயிர் பேணுதல் என்று இன்று உலகத்தார் வாயில் வழங்கும் சொல்லுக்குத் தமிழர் அன்றே செயலால் உரை எழுதினர். அதனைச் செய்தவர்க்கே அச்செயலின் முழுப்பொருள் இன்னும் விளங்கவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

ஏறுதழுவல் எந்நிலத்துக்குரியது? கலித்தொகையில் அது முல்லைக்கலியில் பாடப்படுகிறது. முல்லை என்பது காடும் காடு சார்ந்த மேய்ச்சல் நிலமுமாகும். பண்டைத் தமிழன் நிலத்தை ஏக்கராலும் விலையாலும் பிரித்தானல்லன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனத் திணையாக வகுத்தான். ஒவ்வொரு திணைக்கும் அதற்கே உரிய விலங்கும் பறவையும் மரமும் உணவும் தொழிலும் பறையும் உண்டெனக் கண்டு, அவற்றுக்குக் கருப்பொருள் என்று பெயரிட்டான். தொல்காப்பியம் அதனை இலக்கணமாகவே வரைந்து வைத்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் ஒருவரே 99 பூக்களை அடுக்கிச் சொன்னார். ஒரு நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அதில் வாழ்வனவற்றைச் சொல்லியாக வேண்டும் என்னும் ஒழுங்கு உலக மொழிகளுள் தமிழுக்கு இலக்கணமாகவே வாய்த்தது. கருப்பொருளை நீக்கிவிட்டால் எஞ்சுவது திணையன்று, வெறுந்தரை. அவ்வெறுந்தரையைத்தான் இன்று தமிழன் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசிக்கொண்டிருக்கிறான்.

மதுரைப் பக்கத்துக்கே உரிய புலிக்குளம் மாட்டை எண்ணிப் பார்க்கட்டும். அது கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்ந்த இனமன்று. கூட்டங்கூட்டமாக ஓட்டிச் செல்லப்பட்டு, மலையடிவாரத்திலும் கண்மாய் உள்வாயிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்து, இரவில் உழவனின் நிலத்தில் கிடை போட்டு, அந்நிலத்துக்கு உரமாகிப் பிழைத்த இனம். அதன் துடிப்பும் திமிலும் அந்த மேய்ச்சல் நிலம் தந்தவை. சிறுமலையும் வகுத்துமலையும் அனுப்பும் நீர் சாத்தையாற்றில் இறங்கிக் கண்மாய்களை நிரப்ப, அக்கண்மாய்களின் கரையிலும் ஓடைப் புறத்திலும் மேட்டு நிலத்திலும் புல் முளைக்க, அப்புல்லைத் தின்று வளர்ந்த காளைதான் வாடிவாசலில் சீறிப் பாய்ந்தது. புல் இருந்த இடத்தில் மனைக்கல் முளைக்குமானால் காளை எங்கிருந்து வரும்? கடையில் வாங்கிய தீவனத்தால் ஒரு காளையை ஓராண்டு கொழுக்க வைக்கலாம். ஓர் இனத்தை நூறாண்டு வாழவைத்தல் இயலாது. மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊரில் சல்லிக்கட்டு நடக்குமாயின் அது மரபாகாது, வேடிக்கையாகும்.

அம்மேய்ச்சல் நிலம் எப்படிப் போயிற்று? முதலில் சொல்லால் போயிற்று. வெள்ளையன் ஆட்சியில் நிலவரித் திட்டம் வகுத்தவர்கள் வரி தரும் நிலத்தை ஒருபக்கமாகவும் வரி தராத நிலத்தை மறுபக்கமாகவும் எழுதினர். வரி தராததெல்லாம் அவர்கள் கணக்கில் பாழ். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று வருவாய்த்துறைக் கணக்கில் இன்றும் அப்பெயர்கள் அப்படியே நிற்கின்றன. ஊர் மாடுகள் மேய்ந்த இடம், ஊரார் விறகு பொறுக்கிய இடம், மருத்துவன் பச்சிலை பறித்த இடம், ஐயனார்க்கு விடப்பட்ட காடு ஆகிய அனைத்தும் அரசின் ஏட்டில் வெற்றிடமாயின. வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் தில்லியரசு வெளியிடும் தரிசு நில வரைபட நூலில் புதர்க்காடுகள் தரிசு என்றே குறிக்கப்படுகின்றன. உயிர் நிறைந்த நிலத்துக்குப் பாழ் என்று பெயர் சூட்டியபின் அதனை அழிப்பவனுக்கு உள்ளம் உறுத்துவதில்லை. பாழை அழித்தவன் வளர்ச்சி செய்தவனாகிவிடுகிறான். சொல் திருந்தாமல் செயல் திருந்தாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இனி, அலங்காநல்லூர்க்கு அருகே கீழக்கரையில் வகுத்துமலை அடிவாரத்தில் எழுந்துள்ள ஏறுதழுவல் அரங்கத்துக்கு வருவோர் ஒன்றை எண்ண வேண்டும். கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் என்னும் பெயருடைய அதனை 2024 சனவரி 24ஆம் நாள், திருவள்ளுவர் ஆண்டு 2055 சுறவத் திங்களில், முதலமைச்சர் மு.க. இசுடாலின் திறந்து வைத்தார். ஏறத்தாழ 66 ஏக்கர் நிலம்; ஏறத்தாழ 80,000 சதுர அடிக் கட்டடம். தமிழரின் வீரவிளையாட்டுக்கு ஓர் அரசு அரங்கம் எழுப்பியது பெருமைக்குரியதே. சல்லிக்கட்டைக் காட்டுவிலங்காண்டித்தனம் என்று இழித்தவர்க்கு அது கல்லால் தந்த மறுமொழி. அதனை யாரும் பழிக்க வேண்டியதில்லை.

ஆயினும் பெருமைக்குரிய கட்டடத்தை நோக்கியே இக்கேள்வியை எழுப்புதல் வேண்டும். ஏனெனில் அயலானின் கட்டடத்தை நோக்கி எழுப்புவது எளிது. ஒரு மலையடிவாரத்தில் 66 ஏக்கரைக் கட்டடத்துக்கும் சாலைக்கும் ஊர்தி நிறுத்தத்துக்கும் ஒதுக்குமுன், அந்நிலத்தின் உயிர்களை மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எண்ணிப் பார்த்து ஏட்டில் எழுதியாக வேண்டும் என்று அரசின் சூழல் இசைவு விதி கேட்கிறதா? கேட்கவில்லை என்பதே விடை. பொதுப்பணித்துறையினர் ஆராய்ந்தனரா இல்லையா என்பது ஈண்டு வழக்கன்று. ஆராய்ந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதே வழக்கு. நல்லவர் ஆண்டால் ஆராய்வர், அல்லாதவர் ஆண்டால் ஆராயார் என்று விட்டுவைக்கும் அளவுக்கு உயிர்களின் வாழ்வு எளிதானதா?

அவ்விதி இன்னதெனத் தமிழர் அறிந்து வைத்தல் நலம். 2006 செப்டம்பர் 14ஆம் நாள் தில்லியரசு வெளியிட்ட சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இன்றுவரை கட்டடங்களுக்கு அளவுகோல். கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ 2,15,000 சதுர அடியை எட்டினால்தான் சூழல் இசைவு வேண்டும். குறைந்தால் வேண்டியதில்லை. கீழக்கரை அரங்கம் அவ்வளவில் பாதியைக்கூட எட்டவில்லை. ஊர்ப்புறத்தே எழும் மண்டபங்களும் கிடங்குகளும் சிறு குடியிருப்புகளும் அவ்வெல்லைக்குக் கீழேயே நின்றுகொள்கின்றன. நூறு கட்டடம் தனித்தனியே எல்லைக்குள் நின்று, நூறும் சேர்ந்து ஒரு மேய்ச்சல் வெளியையே விழுங்கிவிட முடியும். அவ்விதிக்கு அது தெரியவே தெரியாது. ஏனெனில் அது கட்டடத்தின் பரப்பைப் பார்க்கிறது. நிலத்தின் உயிரைப் பார்க்கவில்லை. சரளைக்கல் பரப்பிய பொட்டலில் எழும் 2,00,000 சதுர அடியும், நீர்ப்பறவைகள் இறங்கும் கண்மாய்க் கரையில் எழும் 2,00,000 சதுர அடியும் அதற்கு ஒன்றே.

எல்லையைத் தாண்டிய பெருங்கட்டடங்களின் நிலையாவது நன்றா? அதே அறிவிக்கை கட்டடங்களையும் நகரியங்களையும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சுரங்கம் தோண்டவோ ஆலை எழுப்பவோ மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். ஆயிரம் வீடுகள் எழுப்ப அக்கம்பக்கத்து ஊராரைக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய திட்டங்களிலும் சுருக்கம் மட்டுமே மக்கள் மொழியில் வருகிறது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கிறது. அந்த நிலத்தில் அறுபதாண்டு மாடு மேய்த்த முதியவர்க்கு அங்குள்ள ஒவ்வொரு செடியின் பெயரும் தெரியும். ஆனால் அந்நிலத்தின் தலையெழுத்தை வரைந்த அறிக்கையின் ஓர் எழுத்தும் தெரியாது. அறிவு ஓரிடத்தில், ஏடு ஓரிடத்தில், முடிவு மூன்றாம் இடத்தில்!

2020ஆம் ஆண்டு அந்த அறிவிக்கையையே மாற்றி எழுதத் தில்லியரசு ஒரு வரைவை வெளியிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. தமிழர் நிலத்தைப் பற்றித் தமிழரிடம் கருத்துக் கேட்ட அழகு அது! அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் தில்லி உயர் நயன்மன்றம் அவ்வரைவை எட்டாம் பட்டியலிலுள்ள மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது. நடுவணரசு பெயர்க்க முற்பட்டதா? உச்ச நயன்மன்றத்துக்கு மேல்முறையீட்டுக்கு ஓடிற்று. பத்து நாளில் முடிக்கத்தக்க மொழிபெயர்ப்புக்கு அஞ்சி வழக்காடிய அரசு உலகில் வேறேதும் உண்டோ? மொழியுரிமை வேறு, நிலவுரிமை வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதனைக் கண்டு தெளியட்டும். தாய்மொழியில் அறிவிக்கப்படாத நிலம் அறிவிப்பின்றியே பறிக்கப்படும் நிலம்.

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி தமிழர்க்கு இன்னொரு பாடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்னும் இரண்டு ஊர்களைச் சேர்ந்த 193 எக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தின் முதல் மரபுத் தலம் அதுவே. ஏழு குன்றுகள், அவற்றின் அடியில் சுனைகளும் கண்மாய்களும், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், வல்லூறு இனங்கள், தேவாங்கும் அலுங்கும் மலைப்பாம்பும், பாறைக் குகையில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துகள். இத்துணைச் சிறப்பும் அரசிதழில் ஏறிய பின்னர், 2024 நவம்பர் 7ஆம் நாள், அத்தலத்தையும் உள்ளடக்கிய 2,015 எக்டேரில் டங்சுடன் எனப்படும் தங்குதன் கனிமம் எடுக்கும் உரிமையை நடுவணரசு இந்துசுதான் சிங்கு நிறுவனத்துக்கு ஏலத்தில் ஒதுக்கிற்று.

ஊரார் எழுந்தனர். சிற்றூர் தோறும் தீர்மானம் இயற்றினர். திசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் செய்தது. 2025 சனவரி 7ஆம் நாள் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கி நடந்தே வந்தனர். சனவரி 23ஆம் நாள் ஏலம் நீக்கப்பட்டது. எட்டாண்டுகளுக்கு முன் சல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறியதும் அதே சனவரி 23ஆம் நாளே! இருமுறையும் வென்றவர் மக்கள். ஆனால் வெற்றியின் முழக்கத்தில் அதன் படிப்பினை மறக்கப்படலாகாது. மரபுத் தலம் என்று அரசிதழில் எழுதிய எழுத்து அந்நிலத்தைக் காக்கவில்லை; நடந்து தேய்ந்த கால்களே காத்தன. எழுத்து ஏன் காக்கவில்லை? உயிர்வளக் கணக்கு ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. இசைவு முத்திரை வேறோர் அலுவலகத்தில் இருக்கிறது. முத்திரை குத்துகின்றவன் கணக்கைத் திறந்து பார்க்கக் கடமைப்பட்டவனல்லன். அரிட்டாபட்டியில் ஆயிரம் ஆயிரமாய்த் திரண்டனர். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒவ்வொரு புதருக்கும் அப்படித் திரள முடியுமா?

புதிதாகச் சட்டம் இயற்றித்தான் இதனைத் திருத்த வேண்டும் என்பதுமில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியும் ஓர் உயிர்வள மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அக்குழு ஊராரைக் கலந்து, அவ்வூரின் செடிகொடி, விலங்கு, பறவை, மரபுவிதை, கால்நடை, மருத்துவ அறிவு ஆகியவற்றை மக்கள் உயிர்வளப் பதிவேட்டில் எழுத வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2020 சனவரி 31ஆம் நாளைக் கெடுவாக வைத்து அழுத்தியது. கெடுவுக்கு அஞ்சி எழுதப்பட்ட ஏடு எத்தகையதாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா? ஒப்புக்கு எழுதப்பட்டதாயினும் ஏடு என ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதனைத் திண்ணையில் மீண்டும் விரித்து, ஊரார் வாய்மொழியால் நிரப்பி, கட்டட இசைவு அலுவலரின் மேசையில் வைத்து, இதனைப் பாராமல் முத்திரை குத்தாதே என்று ஓர் ஆணையிட்டால் போதும். அவ்வாணைக்குத் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. ஊராட்சியும் நகரமைப்பும் மாநில அரசின் கையிலேயே உள்ளன.

அயலகத்தில் நடப்பதையும் காண்க. நேற்றுவரை தமிழன் நிலத்துக்குப் பாழ் என்று பெயரிட்ட அதே இங்கிலாந்து, தன் நாட்டில் இன்று வேறு விதமாக நடந்துகொள்கிறது. 2021ஆம் ஆண்டு இயற்றிய சூழல் சட்டத்தின்படி, 2024 பிப்பிரவரி 12ஆம் நாள் முதல் அங்கே பெருங்கட்டடத் திட்டங்கள் தொடங்குமுன் அந்நிலத்தின் புல்வெளி, வேலிப்புதர், குட்டை, மரம் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டாக வேண்டும். கட்டி முடித்தபின் அம்மதிப்பு முன்னிருந்ததினும் 10 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். கூடியதை 30 ஆண்டு பேணவும் வேண்டும். இரண்டு திங்கள் கழித்துச் சிறு திட்டங்களுக்கும் அது விரிக்கப்பட்டது. இங்கே தமிழகத்திலும் ஒரு 10 விழுக்காடு உண்டு. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக 10 விழுக்காட்டு நிலத்தைப் பொதுவிடமாக விட வேண்டும் என்பது விதி. அங்கே 10 விழுக்காடு என்பது உயிர் கூட வேண்டிய அளவு; இங்கே இடம் விட வேண்டிய அளவு. விட்ட இடத்தில் அயல்நாட்டுப் புல்லும் ஊஞ்சலும் வைத்துப் பூங்கா என்று பலகை மாட்டினால் விதி நிறைவுற்றது. ஆட்காட்டிக் குருவிக்கு அங்கே என்ன வேலை?

இங்கிலாந்தின் முறையிலும் ஓட்டை உண்டு. ஓரிடத்தில் அழித்ததற்கு ஈடாக வேறோரிடத்தில் வளர்க்கலாம். இறுதியில் பணமாகவும் கட்டலாம் என்று அது வழிவிடுகிறது. அந்த ஓட்டையைத் தமிழகம் கடன் வாங்க வேண்டியதில்லை. கீழக்கரைப் புல்லுக்கு ஈடு கிருட்டிணகிரியில் முளைக்காது. ஒரூர்க் காளை வேறூர்ப் புல்லை மேய்ந்து வீடு திரும்பாது. இழப்பு எங்கே நேர்கிறதோ ஈடும் அங்கேயே ஆகவேண்டும் என்பதே திணை நெறி.

வீடற்றவர் நிறைந்த நாட்டில் குருவிக்கும் புதருக்கும் கணக்குப் பார்ப்பதா என்று கேட்பார் உளர். கேள்வி முறையானதே. ஏழைக்கு வீடு வேண்டும், மருத்துவமனை வேண்டும், பள்ளி வேண்டும், அரங்கமும் வேண்டும். ஆயின் மலையடிவாரத்திலும் நீர்வழியிலும் மனை வாங்கி ஏமாறுகின்றவன் ஏழைதான். விற்றுவிட்டுப் போகின்றவன் ஏழையல்லன். 2024 அக்டோபர் 25ஆம் நாள் மதுரையில் பெய்த மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீருக்கு அது தன் பழைய வீடு. மாந்தனுக்கு அது புது மனை. இருவரும் ஓரிடத்துக்கு உரிமை கொண்டாடினால் வெல்வது நீரே. உயிர்க்கணக்கு எடுக்கின்றவன் ஓடையையும் வரத்துக்காலையும் மறுகாலையும் சேர்த்தே எடுப்பான். ஏனெனில் மீனும் தவளையும் நாரையும் அவ்வழியேதான் வாழ்கின்றன. எனவே, குருவியைக் காக்கும் கணக்கு ஏழையின் திண்ணையையும் காக்கும்.

அரசே வழிகாட்ட வேண்டும் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உயர் நயன்மன்றத்தின் மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாயின் நிலத்தில் எழுந்தது. கண்மாய் வன்கவர்வு வழக்குகளில் கடுமையாகத் தீர்ப்பளிக்கும் மன்றமே ஒரு கண்மாயின்மேல் அமர்ந்திருப்பது நடுவர்களின் குற்றமன்று. இடந்தேடிய அரசின் குற்றம். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் செலவில்லாத நிலம் என்று எண்ணும் பழக்கம் அலுவலர் குருதியில் ஊறிவிட்டது. அப்பழக்கத்தை ஒழிக்க வேண்டிய தமிழக அரசோ, 2023 ஏப்பிரல் 21ஆம் நாள், பெருந்திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவைக் குரல் வாக்கெடுப்பால் நிறைவேற்றிற்று. நீர்நிலையும் ஓடையும் உள்ளடங்கிய நிலங்களைச் சிறப்புத் திட்டங்களுக்கு ஒருங்கே வழங்க அது வழி திறந்துவிட்டது. தில்லியின் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் இயற்றிய அதே அவையில், அதற்கு ஓராண்டு முன்னரே இச்சட்டமும் இயற்றப்பட்டது! தில்லி அழித்தால் வன்கொடுமை, சென்னை அழித்தால் வளர்ச்சி என்பது தமிழ்த் தேசிய நெறியாகாது. நிலத்தைக் காப்பவன்தான் நாட்டைக் காப்பவன். அவன் எவ்வூர் அரியணையில் இருக்கிறான் என்பது பொருட்டன்று.

ஆகவே, தமிழக அரசு செய்ய வேண்டுவன தெளிவானவை.

ஊர்ப்புறத்தில் ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் எழும் எக்கட்டடத்துக்கும் மனைப்பிரிவுக்கும், அரசுக் கட்டடம் உட்பட, அடிக்கல்லுக்கு முன் உயிர்க்கணக்கு கட்டாயமாக்கப்பட வேண்டும். அக்கணக்கு மழைக்காலமும் கோடையும் கண்ட ஓராண்டுக் கணக்காக இருத்தல் வேண்டும். ஒரு பிற்பகலில் ஊர்தியில் வந்து இறங்கி எழுதிய கணக்காக இருத்தல் கூடாது. கணக்கெடுப்பில் உயிரியல் கற்றவரோடு அவ்வூர் மேய்ப்பரும் உழவரும் நாட்டு மருத்துவரும் இடம்பெற வேண்டும். அறிக்கை முழுமையும் தமிழில் எழுதப்பட்டு, கிராம சபை எனப்படும் ஊரவையில் படிக்கப்பட வேண்டும். ஊரார் சொல்லும் திருத்தம் அதில் ஏற வேண்டும். நீர்வழியும் மேய்ச்சல் நிலமும் கோயிற்காடும் எவ்விலைக்கும் மாற்றத்தகாதன என்று ஒதுக்கப்பட வேண்டும். தவிர்க்க இயலாத இழப்புக்கு ஈடு அவ்வூர் எல்லைக்குள்ளேயே, அவ்வூர் மரத்தாலும் புல்லாலும் செய்யப்பட்டு, ஒரு தலைமுறைக்காலம் பேணப்பட வேண்டும். தரிசு என்னும் சொல் வருவாய்த்துறை ஏட்டிலிருந்து நீங்கி, மேய்ச்சல் வெளி, புதர்க்காடு, பாறைச் சுனை என்று உள்ளது உள்ளபடி எழுதப்பட வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. ஓர் அரங்கத்தின் திறப்புவிழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு வட்டத்தின் உயிர்க்கணக்கையே எடுத்துவிடலாம். வேண்டுவது பணமன்று, நிலத்தை நிலமாகப் பார்க்கும் கண்.

அலங்காநல்லூர் இளைஞர்கள் இதற்கு முன்னின்றால் தமிழகம் பின்வரும். காளையை அவிழ்த்துவிடுமுன் அதன் கொம்பையும் கண்ணையும் மூச்சையும் மருத்துவர் ஆராய்ந்து சீட்டுத் தருகிறார். சீட்டில்லாத காளை வாடிவாசலுக்குள் நுழைய முடியாது. ஒரு காளைக்கு இருக்கும் ஒழுங்கு, அக்காளையை ஈன்ற நிலத்துக்கு இல்லை. அந்நிலத்துக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்கட்டும். தம் ஊராட்சியின் உயிர்வளப் பதிவேட்டை முதலில் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். அதில் இல்லாத பறவையை, இல்லாத புல்லை, இல்லாத ஊருணியைத் தாமே எழுதிச் சேர்க்கட்டும். மாட்டைக் காத்த இனம் மாடு மேயும் மண்ணையும் காத்தது என்று வரலாறு எழுதட்டும்.

திமிலைப் பிடிக்கத் துணிந்த கைகள் அந்த ஏட்டைப் புரட்டவும் துணியட்டும்.